பச்சை பெயின்ட் அடித்த வருஷத்து முகம்

மார்ச் 3

என் கண்ணான மகளுக்கு,

டவுன் பஸ்ஸெல்லாம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதே, அந்த வருஷம். பெரிய தியேட்டர் எரிந்ததும், உனக்கு முன்பல் முளைத்ததும் அதே வருஷம்தான். நம்பர் எனக்குத் தெரியாது. எங்கள் ஷெட்டில் மட்டும் நாற்பது பஸ் வந்தது. நசுங்கிய தகட்டுக்கு டிங்கரிங் பார்த்து, பள்ளத்துக்குப் பட்டி பூசி, பச்சை அடித்து அனுப்பினோம்.

மிஞ்சின பெயின்டை வீட்டு பீரோவுக்கு அடித்தேன். அந்தக் கோபத்தில் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வெயிலில் அந்த வாசலில் ரெண்டு மணி நேரம் நின்றேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தானே பையோடு வந்து, "போலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மா இப்போது அந்த வருஷத்தில்தான் இருக்கிறாள். வீட்டில் என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க? அவரு வந்தா சத்தம் போடுவாரு, கிளம்புங்க" என்று துரத்தியதால்தானே முதியோர் இல்லத்தில் சேர்த்தோம்? அங்கேயும் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைத்தான் தேடுகிறாள். எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் முகத்தைத் தூக்கிக் கட்டுகிறார்களாமே. எத்தனை விதம், எது எனக்கு ஆகும், விசாரித்து எழுது. எனக்கு அந்த வருஷத்து முகம் வேண்டும்.

போனில் நீ பேசுவது பாதிதான் கேட்கிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். அதனால்தான் மாடிவீட்டு டைப்பிஸ்டம்மாவை எழுதச் சொன்னேன். அவர் சிரிக்காமல்தான் எழுதுகிறார்.

அப்பா
(இடது கட்டைவிரல்)


மார்ச் 19

அன்புள்ள அப்பா,

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் நர்ஸ் அறையின் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று விதம் இருக்கிறது. முதலாவது, தோலுக்கடியில் நூல் கோத்து இழுத்து நிறுத்துவது. பெரிய வெட்டு இல்லை. ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் தளர்ந்துவிடும், உங்கள் தொங்கலுக்கு அது தாங்காது. அடுத்தது, காதுக்கு முன்னால் சின்னதாகக் கீறி, தாடையோரத்தை மட்டும் தூக்கித் தைப்பது. கழுத்து அப்படியே இருக்கும். மூன்றாவதில் காதைச் சுற்றி வெட்டி, தோலுக்குக் கீழே இருக்கும் தசைப் படலத்தையே கழுத்தோடு சேர்த்து ஏற்றுவார்கள். அது நிலைக்கும். ஆனால் நாலு மணி நேரம் மயக்கத்தில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க நீங்கள் மாத்திரை வேறு சாப்பிடுகிறீர்கள். மூன்று வாரம் முகம் வீங்கி, நீலம் பாய்ந்து கிடக்கும். அதுவரை அம்மாவைப் பார்க்க முடியாது.

எதுவும் இருபத்தெட்டு வயசுக்குக் கொண்டுபோகாது அப்பா. நன்றாக வந்தால் பத்து வருஷம் குறையும்.

டாக்டர் படம் கேட்கிறார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ரெண்டு. சிரிக்கக் கூடாது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா உங்களை ஒரு தடவையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கும்தான் இருக்கிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

கண்ணு,

நல்லா விளங்கிற்று. நூல் விஷயம், விழுந்த பம்பரைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்புகிற மாதிரி. ரெண்டாவது, பட்டி பூசி மேலே பெயின்ட் அடிப்பது. பார்க்கப் பளபளக்கும், முதல் மழைக்கு விண்டுவிடும். உள்ளே கை விட்டுத் தகட்டைத் தட்டி எடுப்பதுதான் வேலை. மூன்றாவதையே முடிவு பண்ணு. மயக்க மருந்துக்கு நான் பயப்படவில்லை.

அதற்குள் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தேன். தலைக்கும் மீசைக்கும் கறுப்புச் சாயம் போட்டுக்கொண்டு போனேன். உன் அம்மா, "திருடன், திருடன்" என்று கத்த, சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். சாயம் பாதி வெளுத்துத் தெருநாய் மாதிரி ஆனதும், தலை, மீசை எல்லாவற்றையும் மழித்துவிட்டேன். ஆபரேஷனுக்கும் சௌகரியம்தானே.

அப்பா
(இடது கட்டைவிரல்)

பி.கு.: படங்கள் இத்துடன். சிரிக்கக் கூடாது என்றதும் உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாவது தடவைதான் சரியாக வந்தது. — எழுதுகிறவள்


ஏப்ரல் 24

என் கண்ணுக்கு,

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. எனக்கு எந்த விதமும் வேண்டாம்.

மொட்டைத் தலையோடு போன அன்று, உன் அம்மா என்னைக் கண்டதும் சடக்கென்று எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அப்புறம் அறைக் கண்ணாடியில் பார்த்தேன். எங்கப்பா நிற்கிறார். அதே வழுக்கை, தாடைக்குக் கீழே அதே தொங்கல். நான் வெட்டித் தைக்கச் சொன்ன இடமெல்லாம் அவருடையது.

"உக்காருங்க மாமா. உங்க புள்ளை ஷெட்டுக்குப் போனவரு இன்னும் வரலை. பச்சை பெயின்டோட வருவாரு, ஏதும் சொல்லிடாதீங்க."

"சொல்லலைம்மா" என்றேன். தினமும் போகிறேன். தினமும் என்னைப் பற்றிக் கோள் சொல்கிறாள். குளிக்காமல் சாப்பிட உட்காருகிறேனாம். பீரோவைப் பார்த்தால் பஸ் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

நேற்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. அன்னிக்கு எங்கம்மா வீட்டு வாசல்ல நின்னாரே, நான் ஜன்னல் இடுக்குல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கோவம் அப்பவே போயிருச்சு. வெயில்ல முகம் செவந்து, அவ்ளோ அழகா இருந்தாரு. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. புருஷனாகப் போயிருந்தால் இதைச் சொல்லியிருப்பாளா? இந்த முகத்தைத் தூக்கிக் கட்டினால் மாமா போய்விடுவார். வருகிறவன் யாரோ, அவனிடம் என்ன சொல்வாளோ. அவளிடம் இனி நான் நானாக இருக்க முடியாது. இருக்கட்டும்.

இன்று ஒவ்வொருவராக விசாரித்தாள். "அத்தை நல்லாருக்காங்களா?" நல்லாருக்கா என்றேன். "ஷெட் முதலாளி?" இருக்காரு. "அந்தக் குள்ள பெயின்டர்?" அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். அத்தனை பேரையும் சுடுகாட்டுக்குத் தூக்கிக் கொண்டுபோய் விட்டவன் நான், வாய் கூசாமல் சொன்னேன்.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு, மாமா? அவரு நல்லாருக்காருல்ல?" என்றாள்.

அந்த ஒன்றைத்தான் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. "இருக்கான்மா. உன் புருஷன் இருக்கான்."

(இடது கட்டைவிரல்)