நைனா, இன்ஸ்பெக்டர் கதிரேசன் உயிரோடு வந்துவிட்டார்

நைனா,

டாக்டர் அமுதவல்லி துப்பறியும் கதைகளின் பதினோராம் பாகத்தைத் திறந்ததும் மடியில் மணல் கொட்டியது. மாமல்லபுரத்து மணல். கூடவே நீ ஓட்டிய டூரிஸ்ட் வேனின் டீசல் வாசனை, நீ சுண்டல் தின்ற கையோடு பக்கம் புரட்டிய எண்ணெய்க் கறை. அம்மா அப்போதுதான் பெருக்கி முடித்திருந்தாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் என் கோபம் அம்மாமேல் இல்லை. போன வாரம் வந்த புதுப் பாகத்தின்மேல். அதில் எழுதியிருப்பது அண்டப்புளுகுதானா என்று சரிபார்க்கத்தான் உன் பழைய புத்தகத்தை எடுத்தேன். புளுகுதான்.

புதுப் பாகத்தின் அட்டையில் 'தடயவியல் நாவல்' என்று போட்டிருக்கிறது. உள்ளே வெறும் தடவியல். டாக்டர் அமுதவல்லி முன்பெல்லாம் கையுறை மாட்டுவாள், இப்போது கூலிங் கிளாஸ் மாட்டுகிறாள். பிணத்தைக் காரில் இருந்தபடியே எட்டிப் பார்க்கிறாள், செல்போனைத் தட்டுகிறாள், செத்த நேரத்தை நிமிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறாள். ரயில்வேக்காரர்களால்கூட அது முடியாது. உடற்கூறு ஆய்வு போய்க் கூறுகெட்ட ஆய்வு வந்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் இறங்குகிற ஒரு அக்கா, செங்கல்பட்டு ஸ்டேஷன் புத்தகக் கடையில் இதை வாங்கி, மறுநாளே கொண்டுவந்து கடைக்காரர் முன்னால் வீசிவிட்டுப் போனாளாம். காசுகூடத் திருப்பிக் கேட்கவில்லையாம். நான் அவள் கட்சி.

இந்தம்மா இப்படியா இருந்தாள்? மூன்றாம் பாகம் நினைவிருக்கிறதா? முகத்துவாரத்தில் ஒதுங்கிய ஆளைக் கடலில் மூழ்கியவர் என்று ஊரே சொல்லும்போது, அவள் மட்டும் நகக்கண்ணில் இருந்த சேற்றைச் சுரண்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாற்பது பக்கம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்வாள். டூரிஸ்ட்டுகள் குகைக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்க, நீ பார்க்கிங்கில் வேன் சீட்டில் சாய்ந்து, டேஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாய். "இந்தம்மா ஏமாத்தாதுடி. தெரிலன்னா தெரிலன்னு சொல்து பாரு," என்றாய். உன் ரசிகர் மன்றத்தில் நான் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

பிறகு நம் ஆட்டம். கடைசி அத்தியாயத்தை ரப்பர் பேண்டு போட்டு மூடிவிட்டு, கொலைகாரன் யார் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர்தான் பிணம். ஞாயிற்றுக்கிழமை படகுகளுக்கு அந்தப் பக்கம், புத்தகத்தில் பிணம் கிடந்த மாதிரியே மணலில் கிடக்க வேண்டும். ஜெயித்தவர் டாக்டர். அமுதவல்லி எப்போதும் முதலில் செய்வதைத்தான் டாக்டரும் முதலில் செய்ய வேண்டும்: மூக்கடியில் இரண்டு விரல். நீ மூச்சை அடக்கிக் கிடப்பாய். நான் காக்கா இறகு வைத்திருப்பேன்.

ஒருதரம் உன் சட்டையில் தக்காளி சாஸை ஊற்றிவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. சுண்டல்கார அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். போலீஸ்காரர் வந்து குனிந்த நேரம் பார்த்து நீ தும்மினாய். "சார், பொணத்துக்கு ஜல்ப்பு" என்றேன். அவர் என்னைத் திட்டியதைவிட, எழுந்து நின்று சிரித்த உன்னைத் திட்டியதுதான் அதிகம். அதற்குப் பிறகு பார்க்கிங்கில் உன் பெயரே மாறிவிட்டது. உன் கூட்டாளி செல்வம் அண்ணாத்த, அவரும் வேன் ஓட்டுகிறவர்தான், தூரத்தில் வரும்போதே கேட்பார்: "இன்னா பாடி, நாஸ்தா ஆச்சா?"

பாகத்துக்குப் பாகம் அமுதவல்லியோடு வந்த இன்ஸ்பெக்டர் கதிரேசனைப் பதினோராம் பாகத்தில் கொன்றார்கள். அவருக்கு அமுதவல்லியே பிரேதப் பரிசோதனை செய்வாள். அத்தியாயம் முழுக்க அதுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது, கத்தி, தராசு, ஊசி, நூல். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு மணல் விழுந்துவிட்டது என்றாய். வேன் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது நைனா. அப்புறம் சொன்னாய்: "செத்தவன் செத்தவன்தான். அதுல வெளாடல பாரு, அதான் எழுத்து."

உன் கடைசி டிரிப்புக்கு நான் வரவில்லை, பரீட்சை. சீட்டில் சாய்ந்து, வாயைப் பிளந்து, நெஞ்சில் புத்தகத்தோடு நீ இருந்ததைச் செல்வம் அண்ணாத்த ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரித்தார். சுண்டல் தின்ற காகிதத்தை உருட்டி உன்மேல் எறிந்தார். டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது டூரிஸ்ட்டுகள் வெயிலில் நின்று வேன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் நம் வாசலை விட்டுப் போகவில்லை. "நடிச்சிகினு கீறாருன்னு நெனச்சிட்டம்மா," என்றார். "எப்பவும் நடிப்பாரே." மாரடைப்பு, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் பார்க்கிங்கில் யார் கண் அசந்தாலும் போய் மூக்கடியில் விரல் வைக்கிறார். இரண்டு டிரைவர்கள் அவரை அடிக்கவே வந்துவிட்டார்கள். நிறுத்தவில்லை.

இப்போது புதுப் பாகத்துக்கு வருகிறேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம். கதவு திறக்கிறது. கதிரேசன் நிற்கிறார். செத்த மாதிரி நடித்தாராம். ஏதோ ஊசி, ஏதோ ரகசிய ஆபரேஷன், அமுதவல்லிக்கு எல்லாம் தெரியுமாம். யோவ் எழுத்தாளரே, அவள் அந்த ஆளின் மண்டை ஓட்டைத் திறந்தாள் ஐயா. மூளையைத் தராசில் வைத்தாள். திரும்பத் தைத்தாள். உன் எண்ணெய்க் கறை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது நைனா, சாட்சி. தைத்து மூடின ஆள் வந்து நின்று காபி கேட்கிறார். அவளும் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்கிறாள்.

இதற்கெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் மன்னிக்காதது வேறு. கதவு திறந்து கதிரேசன் நின்ற அந்த வரியில், ஒரு நொடி, என் தலை தானாகத் திரும்பியது. ஆணியில் உன் காக்கிச் சட்டை தொங்குகிற பக்கம். எவனோ பக்கத்தை நிரப்ப எழுதின ஒரு வரிக்கு நான் திரும்பிப் பார்த்தேன் நைனா. பார்க்கிங்கில் ஒரு மனுஷன் விரலை நீட்டிக்கொண்டு அலைகிறார், இந்த எழுத்தாளர் என்னவோ செத்தவரைக் காபிக்குக் கூப்பிடுகிறார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு பாகத்தையும் உன் பெயர் சொல்லித்தான் எடுத்து வைக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்கும்போதெல்லாம் நான் உன்னை டிரிப்புக்கு அனுப்பிவிடுவேன். திருப்பதி, வேளாங்கண்ணி, ஒருதரம் கோவாகூட. அனுப்புவது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கும் கேட்டார்: "இன்னா பாப்பா, நைனா இன்னும் டிரிப்புலயா கீறாரு?"

வாயில் மைசூர் தயாராக இருந்தது.

"செத்துட்டாருண்ணா," என்றேன். "இனிமே அவர் பேர்ல எடுத்து வெக்காதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். இவள் விளையாடுகிறாளோ என்று தேடியிருப்பார். பிறகு கையிலிருந்த புத்தகக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போய்க் குனிந்து மூக்கடியில் இரண்டு விரல் வைத்தேன். சூடாக இருந்தது.

"மூச்சு வுட்டுகினுதான் கீறேன்," என்றாள், கண்ணைத் திறக்காமல். "போய் மணலைப் பெருக்கு."

பெருக்கினேன். பதினோராம் பாகத்தை மட்டும் உதறவில்லை.