அந்தப் பச்சைப் போர்வை

அன்புள்ள அத்தைக்கு மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தத் தீவில் ஓட்டல் கட்ட இனி இடமில்லை. அதனால் உங்கள் மகனைப் புதைத்த இடத்தில் நீச்சல் குளம் வருகிறது. பதறாதீர்கள், எல்லோரையும் எடுத்துப் பக்கத்துத் தீவில் புதைப்பார்களாம்.

"கவலப்படாதக்கா, அங்கயும் கடல் தெரியும்," என்றார் மேனேஜர்.

"அவருக்குக் கடல் காத்து ஆகாதுங்க, சளி பிடிக்கும்," என்றேன். சிரித்துவிட்டார்.

சுற்றி எடுத்துப்போக ஓட்டல் படுக்கை விரிப்பு தருகிறார்கள். யார் யாரோ படுத்த விரிப்புகளைத் தினமும் துவைப்பவள் நான். அதில் அவரைச் சுற்ற மனம் வரவில்லை. வீட்டில் அவர் போர்த்திய பச்சைப் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் படகு கிளம்புகிறது. மாத்திரையை மறக்காதீர்கள். போர்வை வரும்வரை தோண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.