ஒரு திருகாணி மட்டும் பித்தளை

பெட்டியைத் திறந்ததும் துருவேறிய கம்பியும் பழைய தோலும் கலந்த வாடை எழுந்தது. நீ இறந்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்த உன் பேஸ் கித்தாருக்கு விலை சொல்லப் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக என்னை ஆன்ட்டி என்றான், பொறுத்துக்கொண்டேன். சிறு விளக்கொன்றை அடித்து, கழுத்து, விளிம்பு, முதுகு என்று அங்குலம் அங்குலமாகத் தடவினான். தங்கச் சுரங்க வாசலில், ஷிஃப்ட் முடிந்து வரும் உங்களைச் சோதனை போட்டவர்களும் இப்படித்தான் தடவியிருப்பார்கள். வாங்க வந்தவன் குறைகளைத் தேடுவது எதற்கு என்று அறியப் பட்டப்படிப்பு தேவையில்லை. அவன் விரல்களிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

தம்பி, அறுபதுகளில் நீ அதை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் நான் இப்படித்தான் பார்த்தேன். குங்குமச் சிவப்பு, மருந்துக்கும் ஒரு கீறல் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"கிளப்புல வாசிச்சினு இருந்தாரே, அவரு ஆஸ்திரேலியா போறாருக்கா. சும்மா குடுத்துட்டாரு."

"சும்மா யாருடா குடுப்பாங்க?"

"இன்னாக்கா நீ, போலீஸ்காரன் மாரி கேக்கற?"

பெங்களூரில் வரலாறு படித்து பி.ஏ. வாங்கி வந்தவள் நான். சான்றில்லாமல் எதையும் நம்பக் கூடாது என்று பள்ளியில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில்தான் நம் வரிசையில் இரண்டு வீடுகளில் போலீஸ் புகுந்து, திருட்டுத் தங்கம் தேடி அரிசிப் பானைவரை கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. நீயோ நந்திதுர்க் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்குக் கேஜ், அந்த இரும்புக் கூண்டு, உன்னை மேலே கொண்டுவந்து விட்டாலும் ஆறு மணிக்குத்தான் வீடு சேர்வாய். கேட்டால், கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்துக் கொட்டகையில் ப்ராக்டீஸ் என்பாய். நீ பிடிபட்டால் வேலை போகும்; வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும்; அம்மாவும் நானும் தெருவில் நிற்போம்.

கித்தாரின் முகத்தில் ஒரு வெள்ளைத் தகடு இருந்ததல்லவா? தட்டிப் பார்த்தேன், கீழே வெற்றிடம் என்று சத்தமே சொன்னது. நீ ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, காய் நறுக்கும் கத்தியின் முனையால் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒரு குழி, சில ஒயர்கள், கொஞ்சம் மரத்தூள். வேறெதுவும் இல்லை. திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி நழுவி எங்கோ உருண்டது. அம்மா வருவதற்குள் அகப்படவில்லை.

மாலையில் பெட்டியைத் திறந்த கையோடு கண்டுபிடித்துவிட்டாய்.

"அக்கா, ஒரு ஸ்க்ரூ காணோமே?"

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்."

"எலி ஸ்க்ரூடிரைவரோட வந்துச்சா?"

அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்போது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "கேட்ல தெனம் வாயைத் தொறக்கச் சொல்லிப் பாக்கறான். ஊட்லயுமாக்கா?"

நான் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனேன். மறுவாரம் அந்த ஓட்டையில் சுரங்கத்துப் பட்டறையின் பித்தளைத் திருகாணி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்க நாக்குத் துறுதுறுத்தது; அடக்கிக்கொண்டேன். அதன்பின் கித்தாரைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டாய். நீ வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது வந்தவனின் விரலும் அந்தத் திருகாணியில்தான் வந்து நின்றது.

"ஆன்ட்டி, இதை யாரோ தொறந்திருக்காங்க. ஸ்க்ரூ தலையெல்லாம் நசுங்கியிருக்கு. ஒண்ணு மட்டும் பித்தளை. உள்ளே பார்ட்ஸ் மாத்தியிருந்தா பாதி விலைகூடத் தேறாது. யாருன்னு தெரியுமா?"

எவனோ ரிப்பேர்காரன் என்று சொல்லியிருக்கலாம். எலியும் கைவசம் இருந்தது.

"நான்தான். திருட்டுத் தங்கம் தேடினேன்."

"கெடைச்சுதா?" என்று சிரித்தான்.

"இல்லை."

தகட்டைக் கழற்றினான். ஒயர்களில் எவர் கையும் பட்டிருக்கவில்லை. தகடு மறைத்திருந்த இடத்தில் சிவப்பு அன்றிருந்தபடியே இருந்தது. பிறகு மேல் விளிம்பில், வலக்கை படியும் இடத்தைக் காட்டினான். அங்கே சாயம் போய் வெறும் மரம்.

"பழசு மாதிரி காட்ட இப்பல்லாம் வேணும்னே தேய்க்கிறாங்க ஆன்ட்டி. நானும் மொதல்ல சந்தேகப்பட்டேன். ஆனா உப்புத்தாள் போட்டா ஓரத்துல கோடு நிக்கும். இங்க பாருங்க, கலர் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகுது. இது கை வேலை. தினம் ரெண்டு மூணு மணி நேரம், பல வருஷம் வாசிக்காம இப்படி ஆகாது."

தினம் மூன்று மணி நேரம். மூன்றிலிருந்து ஆறு.

சான்று சான்று என்று பிள்ளைகளிடம் முழங்கியவளுக்கு அதைப் படித்துச் சொல்ல ஒரு வியாபாரி வரவேண்டியிருந்தது.

பித்தளையை எடுத்துவிட்டு அந்தக் காலத்துத் திருகாணி போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்றான். மாற்றக் கூடாது, நசுங்கிய தலைகளும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"விலை கொறையும் ஆன்ட்டி."

"குறையட்டும்."

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அவன் வாய்ச்சொல்லை நம்பாமல், மாற்றுவதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தேன்.

அழவில்லை, நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய். அப்படிப்பட்ட பொருளைச் சும்மா யார் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கித்தாரோடு அதை நான் விற்கவில்லை. ஆனால் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை எங்கே இருந்தாய் என்று இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன்.