எலி இல்லாத பொந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். வேலைக்காகத் தூரத்தில் இருக்கும் நீங்கள் கலங்குவீர்கள் என்று எதையும் மறைக்க மாட்டேன். இருவரும் நலம் என்று எழுத ஆசைதான். நான் நலம்.

தங்கச்சிக்குப் படிப்பு ஏறவில்லை. போன வருடம் மூச்சுவிடாமல் சொன்ன வாய்ப்பாட்டை இப்போது பாதியில் விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். வகுப்பில் தூங்கி வழிகிறாளாம். "மண்டையில என்ன களிமண்ணா?" என்று டீச்சர் கேட்டாராம். வீட்டுக்கு வந்து, "அக்கா, களிமண்ணு எங்க கிடைக்கும்?" என்று ஆசையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

பள்ளி நர்ஸ் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. "ரத்தத்துல இரும்புச்சத்து இல்லம்மா. அதான் கவனம் நிக்கல. மண்ணு, சுண்ணாம்புன்னு வாய் தேடும், பாத்துக்கோ" என்று மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கியதும் மலம் கறுப்பாகப் போனது. அது அப்படித்தான் போகும் என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. சித்தியோ, "ஐயோ, பிள்ளைக்குக் குடலே வெந்துபோச்சு!" என்று அத்தனை மாத்திரையையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். பாசத்தில்தான் கொட்டினார், அவரைத் திட்டாதீர்கள்.

இப்போது எங்கள் கட்டிலோரச் சுவரில் காரை பெயர்ந்து, கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. எலி என்கிறார் சித்தப்பா. பொறி வைத்தார், அதிலிருந்த ரொட்டித் துண்டு தொடுவாரில்லாமல் காய்ந்து கிடக்கிறது. எலி இல்லை, இவள்தான் சுரண்டித் தின்கிறாள் என்றேன். "சுவத்தைத் தின்ன அவ என்ன கரையானா? படிச்சுப் படிச்சு உனக்குத்தான் கழண்டுபோச்சு" என்று சிரித்தார். அவளைக் கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறாள். உதட்டோரம் வெள்ளையாக இருக்கிறது.

சித்தப்பா கடையில் எலி மருந்து சொல்லி வைத்திருக்கிறார். பொந்துக்குள் தடவப்போகிறாராம். இனிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் பிடுங்கி, "எல்லாரும் சௌக்கியம் அண்ணி" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள் அம்மா. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் மூத்த மகள்

பின்குறிப்பு: சித்தப்பா இப்போதுதான் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வேண்டாம் சித்தப்பா என்று கெஞ்சினேன். "காலையில பாரு, மல்லாந்து கிடக்கும்" என்று பொந்தருகே குனிந்து தடவினார். சுவர்ப் பக்கம் நான்தான் படுத்திருக்கிறேன். எழுதுவதால் அவளுடைய ஒரு கையை மட்டும் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.