தோளுக்கு மட்டும் தெரிந்தது

அன்பான தங்கச்சி சரசுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் மகள் செல்வி கண்டியில் நர்ஸுக்குப் படிக்கிறாள். உங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அதில் ஒரே பெருமை.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி விழுந்து உன் இடது தோள் மூட்டு விலகியதே, அந்த நாளைப் பற்றியது. டாக்டர் நரம்பில் மயக்க ஊசி போட்டுவிட்டு, "அசையாமப் பிடிச்சுக்கங்க" என்றார். பிடித்தேன். மூட்டைச் சேர்க்க அவர் உன் கையை இழுத்தபோது, "அண்ணே, விடுங்கண்ணே" என்று கத்தினாய். நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "என்னண்ணே, இன்னும் தொடங்கலியா?" என்று கேட்டாய்.

"முடிஞ்சிருச்சும்மா. நல்லாத் தூங்குன" என்று புளுகினேன். நீயும் லயம் முழுக்க அதையே சொல்லித் திரிந்தாய்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலிலிருந்து வந்து உனக்குத் திருநீறு பூசக் கை நீட்டினால், உன் இடது தோள் வெடுக்கென்று பின்னால் போகும். "ஏன்னே தெரியலண்ணே" என்று வெட்கப்பட்டுச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. எல்லாம் இவளுக்கு ஞாபகம் இருக்கிறது, என் மனசு நோகக்கூடாதென்று மறைக்கிறாள் என்றே நினைத்தேன். கடைசிவரை என்மேல் வருத்தத்தோடுதான் இருந்தாயா?

போன வாரம் செல்வி வந்திருந்தாள். யாருக்கோ நடந்தது மாதிரி அவளிடம் கேட்டேன்.

"அந்த ஊசி அப்படித்தான் மாமா. நடந்தது நெனப்புல பதியாது, எவ்வளவு யோசிச்சாலும் வராது. ஆனா சில பேருக்கு உடம்பு அந்தப் பயத்தப் புடிச்சு வச்சுக்கும்."

"நடிப்பா இருக்காதா?"

"சேச்சே. ஏன் ஒதுங்குறோம்னு அவங்களுக்கே தெரியாது மாமா."

வெளியே போய் அழுதேன், தங்கச்சி. இத்தனை வருடம் உன்னைத் தப்பாக நினைத்த மடையன் நான்.

இப்போதுதான் இன்னொன்றும் உறைக்கிறது. தோள் பின்னால் போனதும் நீ அப்படியே போய்விட மாட்டாய். ஒரு அடி முன்னால் வந்து நெற்றியைக் காட்டுவாய். எல்லா வெள்ளியும். அதை நான் பார்த்தும் மனசில் வாங்கவில்லை.

அடுத்த தடவை செல்வி வரும்போது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கம்மா கத்தக் கத்தப் பிடித்திருந்தவன் நான்தான் என்று. உடம்பெல்லாம் பயந்தும் என் பக்கத்தில் வந்து நின்றவள் உங்கம்மா என்று.

உன் அண்ணன்,
மாரிமுத்து
வட்டவளை