மகாலட்சுமியின் கல்லீரல் பார்த்த வேலை

அன்புள்ள மகள் ரங்கநாயகிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே ஸ்ரீரங்கத்தில் நாங்கள் எல்லோரும் சுகம், நேற்றிலிருந்து கூடுதலாக ஒரு ஆளும் சுகம். உன் அண்ணி மகாலட்சுமி முழுகாமல் இருக்கிறாள். ஒன்பது வாரம், இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது. புத்தூரில் டாக்டர் ரோசரி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடமே சொன்னது இது. நானும் திரையில் பார்த்தேன், சின்ன நெல்லிக்காய் அளவில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

மூத்தவள் கனிஷ்கா பள்ளிக்கூடம் போகட்டும், அடுத்தது பிறகு என்று மகாலட்சுமி கருத்தடை மாத்திரை ஒருநாள் விடாமல் சாப்பிட்டு வந்தாளாம், எனக்கே நேற்றுத்தான் தெரியும். புரட்டாசியில் அவள் கழுத்துக் கட்டி காசநோய் என்று தெரிந்து மருந்து ஆரம்பித்தபோது, வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். மாமியார் நான் பக்கத்தில் இருக்கிறேனே, தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றுவிட்டாள். அந்தக் காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அதுதான் கலகக்காரன். “கல்லீரலை ஒரு பட்டறைன்னு வச்சுக்குங்கம்மா, மருந்தை உடைக்கிற என்சைம்தான் ஆளுங்க. இந்த மருந்து உள்ள போனா கல்லீரல் அந்த ஆளுங்களைக் கூட்டிடும், அவங்க கருத்தடை மாத்திரையையும் வேலை செய்யறதுக்குள்ள உடைச்சுத் தள்ளிடுவாங்க” என்றார் டாக்டர். உன் அண்ணன் சிவசங்கர் சும்மா இருப்பானா, “அந்த ஆளுங்கள்ல ரெண்டு பேரை என் அரியமங்கலம் பட்டறைக்கு அனுப்புங்க டாக்டர்” என்றான். மகாலட்சுமி அவன் தொடையில் கிள்ளினாள்.

சிரிப்பெல்லாம் டாக்டரிடம் போன பிறகுதான். நாள் தள்ளிப்போனதும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து இவளே காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நேற்றுக் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு “அத்தை, நான் மாத்திரை சாப்பிடலை” என்று அழுதாள், அப்படியே ஆட்டோ பிடித்தோம். இந்த மருந்து குழந்தைக்கு ஆகாதது இல்லை, நிறுத்தினால்தான் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் கண்டித்து, கூடவே வைட்டமின் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். இனி எதையும் ஒளிக்கக் கூடாது, வேண்டுமானால் அத்தையை வெளியே உட்காரச் சொல்கிறேன் என்றதற்கு, “இருக்கட்டும் டாக்டர், இனிமே ஒளிக்க என்ன இருக்கு” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் அண்ணி உத்தரவு. திருவானைக்காவல் சித்தியிடம் மட்டும் சொன்னேன், ஆகவே திருவானைக்காவல் முழுக்கத் தெரியும். நீ தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், எந்த டாக்டரிடம் போனாலும், யார் பக்கத்தில் இருந்தாலும், அதைச் சொல்லிவிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள்.

காசநோய் மாத்திரை பங்குனிக் கடைசியில் முடியும். குழந்தையின் அங்கமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பெரிய ஸ்கேன் சித்திரை முதல் வாரம். இப்போது தினமும் காலையில் அவள் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறாள், நான் எட்டிப் பார்க்கிறேன்.

உன் அம்மா
செல்லக்கிளி