பெருமானின் பாதம்

மார்ச் 16, திங்கள்
தங்கியவர்கள் ஆறு பேர். முட்டை பன்னிரண்டு, கருவாடு ஆறு. சோறு மிஞ்சவில்லை. வலது மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையில் எழுதுவது கோழி கிளறினமாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இன்றும் அதையே சொன்னார். சத்திரத்தைக் கோடையோடு மூடிவிடலாமாம். எண்பத்தெட்டுக் கோயிலையும் நடந்தே சுற்றி வருகிற யாத்திரைக்காரர்களுக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்து படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுத்த வீடு. ஒசாகாவிலிருந்து மகன் ரியோஹேயும் அதற்கே தலையாட்டுகிறான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 17, செவ்வாய்
ரியோஹேயின் பெண்டாட்டி கானாயே ஒத்தாசைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. அவள் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். என் கை கூடும்வரை இருப்பாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எத்தனை வருஷமாயிற்று!

“ஏன் அத்தே, வர்ற ஆளுக்குக் கால் கழுவத் தண்ணி தர்றதுக்கு முன்னாடி அவங்க ஊன்றி வர்ற கம்பைக் கழுவுறீங்க?”

கம்பு என்கிறாள். “கம்பு இல்லம்மா. இந்த யாத்திரையைத் தொடங்கி வச்ச தாய்ஷி பெருமானே அவங்ககூட நடந்து வர்றார். அது அவர் பாதம்.”

அதற்குப்பிறகு ஊன்றுகோல்களை அவளே கழுவித் துடைத்து மாடத்தில் சாத்துகிறாள். இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்கலாமா? பட்டணத்துப் பெண்.

மார்ச் 19, வியாழன்
சூத்திரம் ஓதும்போது இரண்டு முறை வரி தப்பியது. மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

மார்ச் 21, சனி
பெருமானுக்கு உரிய நாள். இன்றைக்கா இப்படி?

ராத்திரி தங்கிய ஹிராசே பெரியவர் புறப்படும்போது ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அடிநுனி தட்டையாகச் சீவியிருந்தது. கானாயேதான். நுனி நார்நாராகப் பிரிந்து கிடந்ததாம், வழுக்கி விழுந்துவிடுவாரே என்று காய்கறிக் கத்தியால் நறுக்கிவிட்டாள். கத்தி — பெருமான் காலில்! இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், கல்லில் உரசித்தான் தேய்க்கணும், இரும்பு படக்கூடாது என்று.

“பாதி வழி இதைப் பிடிச்சு நடந்துட்டுக் கண்ணை மூடினவ என் சம்சாரம்” என்றார் பெரியவர். அவ்வளவுதான். பாயில் நெற்றி படக் கும்பிட்டேன். சூப்பைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உனக்கெதுக்கும்மா இதெல்லாம். ஊருக்கே போயிடு” — சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன்? ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே போனாள்.

மத்தியானம்: இன்னும் வரவில்லை. பை இங்கேதான் இருக்கிறது. “விடு, எப்படியும் மூடப்போற வீடு” என்கிறார் இவர். கரண்டியை எறியலாம்போல வந்தது.

பொழுது சாய்ந்து: வந்துவிட்டாள். சமையலறைச் செருப்போடு மலைக்கோயில்வரை ஹிராசே பெரியவர் பின்னாலேயே நடந்திருக்கிறாள். குதிகால் இரண்டும் கொப்புளம். வழி நெடுக அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கோயில் வாசலில் கை கழுவும்போதுதான் ஊன்றுகோலை இவளிடம் நீட்டி, “பிடிச்சுக்கம்மா” என்றாராம். பிறகு, “பெருமான் இவ்வளவு தூரம் நடந்திருக்கார், அவருக்கும் நகம் வெட்ட வேண்டாமா? அடுத்த தடவை கல்லுல தேய்” என்று சிரித்தாராம். அக்டோபரில் மகளோடு வருகிறேன், இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். இருக்கும் என்று சொல்லி வந்திருக்கிறாள்.

“யாரைக் கேட்டுச் சொன்னே?” என்றார் இவர்.

“யாரையும் கேக்கலை மாமா.”

என் பக்கம் திரும்பினாள். “நான் ஊருக்குப் போகணுமா அத்தே?”

வாசல் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒற்றைக் கையால் அவள் காலைக் கழுவினேன்.

மார்ச் 24, செவ்வாய்
ரியோஹே போன் பண்ணினான். கானாயே இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்கிறாளாம். “நீங்க எதாவது சொல்லி வச்சீங்களாம்மா?” “போகச் சொன்னேன்” என்றேன். உண்மை அதுதானே. மே மாத விடுமுறையில் வருகிறானாம்.

மார்ச் 29, ஞாயிறு
ஒன்பது பேர். முட்டை பதினெட்டு.

வாசல் தொட்டிக்குப் பக்கத்தில் சொரசொரப்பான கல் ஒன்று பதித்தாகிவிட்டது, ஊன்றுகோல் நுனி தேய்க்க. இடம் காட்டியவள் கானாயே. சிமெண்ட் குழைத்தவர் இவர். காயும்வரை யாரும் மிதிக்கக்கூடாது என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். கல்லுக்கு அரை மூட்டை போதும், வாங்கியது இரண்டு. மிச்சம் குளியலறைத் தரைக்காம்.

மூடப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.